அடாரும் பார்வையும்: சங்ககால வேட்டுவர் கொட்டிலில் ஒரு பார்வை

சங்கப் பாடல்களில் வேட்டை என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருபவர் கொல்லிமலைத் தலைவர் வல்வில் ஓரிதான். வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலில், ஓரி விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் சாய்த்து, இறுதியாகப் புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தங்குகிறது. ஓர் அம்பு, ஐந்து உயிர். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் இப்பாடலைப் படித்து வியந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "ஓரி வேட்டைக்குப் போகாத நாள்களில் கொல்லிமலைக்காரர்கள் எதைச் சாப்பிட்டார்கள்?"

அனைவரும் சிரித்துவிட்டோம். ஆனால், வீடு திரும்பிய பிறகும் அக்கேள்வி எங்களை விடவில்லை. அம்பின் புகழைப் பாடிய அதே புலவர் மரபு, புகழில்லாத மற்றக் கருவிகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது? வேட்டைக்குப் புறப்படுமுன் ஒரு வேட்டுவன் வீட்டில் என்னென்ன ஆயத்தங்கள் நடந்தன? பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் இந்தக் கண்ணோடு மீண்டும் புரட்டியபோது எங்களுக்குக் கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று வரும் பாணன், வழியிலுள்ள எயினர் குடியிருப்பை வருணிக்கும் பகுதி, ஒரு வேட்டுவரின் கருவிக் கொட்டிலுக்குள் நம்மை நேரே அழைத்துச் செல்கிறது. ஊகம்புல் வேய்ந்த உயர்ந்த வீடுகள். முனை மழுங்கி ஊன் நாற்றம் மாறாத வேல்கள், மணி கட்டிய கேடயங்களோடு வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. அம்புக் கட்டுகள் மலைச்சரிவில் தொங்கும் தேனடைகளைப்போல் காட்சியளிக்கின்றன. பந்தற்காலில் துடி தொங்குகிறது. சங்கிலியில் நாய்கள். ஊரைச் சுற்றி முள்வேலி, அதற்கப்பால் காவற்காடு. உருத்திரங்கண்ணனார் இவ்வீட்டை நேரில் கண்டிராமல் எழுதியிருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. தேனடை உவமை ஒன்று போதாதா? அம்பு நுனிகள் வெளித்தெரிய, கட்டுக் கட்டாக மேலே தொங்கவிட்ட காட்சி அது.

இவ்வளவு படைக்கலங்களையும் காட்டிவிட்டு, உண்மையில் வேட்டை எப்படி நடந்தது என்பதையும் புலவர் சொல்கிறார். அங்கேதான் நமக்கு வியப்பு. வில்லும் வேலும் அங்கே பேசப்படவில்லை. மானின் குளம்படிகள் பதிந்த வழியோரத்தில், வானம் பொய்த்த காலத்தில், நீர் தேடி வரும் விலங்குகளுக்காகக் குழி தோண்டுகிறார்கள். குழிக்குப் பயம்பு என்று பெயர். அதனுள் ஒடுங்கி மறைந்து, பன்றியின் வரவை நோக்கி நள்ளிரவில் காத்திருக்கிறார்கள். (அப்பன்றியின் வளைந்த கொம்புக்குப் புலவர் வாகைப் பூவை உவமையாக்குகிறார். அது வெற்றிக்குச் சூடும் வாகையன்று, அகத்தி என்பது உரைகாரர் கருத்து. அகத்திப் பூவைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.) இரவு வேட்டை வாய்க்காவிட்டால் பகலில் நாய்களோடு புறப்படுகிறார்கள். புதர்களை அடித்துக் கலைத்து, வேலியின் இடைவெளிகளில் வலைகளைத் தொடராகக் கட்டி, நெடுஞ்செவி முயல்களைத் தப்ப வழியின்றி வளைக்கிறார்கள்.

முயல்! யானையைக் குறிவைத்துத் தவறிய வேலே முயலை வீழ்த்திய அம்பைக் காட்டிலும் பெருமையுடையது என்பது வள்ளுவர் வாக்கு. யானை வேட்டைக்குச் சென்றவன் யானையோடு திரும்புவதும் உண்டு, குறும்பூழ் வேட்டைக்குச் சென்றவன் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு என்று கோப்பெருஞ்சோழன் பாடினார். இரண்டும் உயர்ந்த நோக்கத்தைப் போற்றும் கூற்றுகள், ஐயமில்லை. ஆயினும் எயினர் வீட்டு அடுப்பு இந்த அறத்தைக் கேட்டு எரியவில்லை. அங்கு வெந்தது முயலும் உடும்பும்தான்.

அதுவும் கிடைக்காத நாள்களுக்கு இன்னொரு கருவி இருந்தது. அதே பாட்டில் எயிற்றியர், உளிபோன்ற இரும்பு வாய் செறித்த கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். முற்றத்து நில உரலில் குற்றி, ஆழ்ந்த கிணற்றின் உவர்நீரைத் தோண்டியெடுத்து உலையேற்றி, உலர்ந்த ஊனோடு சமைக்கிறார்கள். வேட்டைக் கருவிகளைப் பட்டியலிடும் நூல்கள் இந்தக் கடப்பாரையை ஏனோ விட்டுவிடுகின்றன. வேட்டுவக் குடும்பத்தை வேட்டையில்லாத நாளில் காப்பாற்றிய இக்கோலையும் வேலோடு சேர்த்து எண்ணவேண்டும் என்பது எங்கள் துணிபு.

எயினரின் குழி நீர்த்துறையருகே இருந்தது ஏன்? அது பாலை நிலம். வேனிலும் பின்பனியும் அதற்குரிய பெரும்பொழுதுகள் என்பது தொல்காப்பியம். நீர்நிலைகள் வற்றி ஒன்றிரண்டே எஞ்சும்போது விலங்குகள் எங்கே வந்தாகவேண்டும் என்பது வேட்டுவனுக்குத் தெரியும். குறிஞ்சியிலோ கதை வேறு. அங்குக் கூதிரும் முன்பனியும் உரிய பொழுதுகள். மலைச்சரிவில் தினை முற்றிக் கதிர் வளைகிறது. பன்றியை அங்கே இழுத்து வருவது தாகமன்று, பசி. ஆகவே கருவிகளும் மாறுகின்றன. குழிக்குப் பதிலாகப் புனத்தின் நுழைவழிதோறும் கற்பொறி, மரத்தின்மேல் பரண், கையில் கவண். வேட்டைப் பருவத்தை முடிவு செய்தவன் வேட்டுவனல்லன். விலங்கின் பசியும் தாகமுமே அதை முடிவு செய்தன. அவ்விரண்டையும் அறிந்து முன்கூட்டியே சென்று காத்திருப்பதுதான் ஆயத்தம் என்பதன் பொருளாக அன்று இருந்திருக்கிறது.

இக்குறிஞ்சி வேட்டையை மலைபடுகடாத்தில் விரிவாகக் காணலாம். செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்கிறார் பெருங்கௌசிகனார். வழி சொல்பவர் என்ன சொல்வார்? இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்பார். இவரோ, விளைந்த புனத்தைப் பன்றிகள் அழிக்கும் அச்சத்தால் வழிகளிலெல்லாம் பெருங்கற்பொறிகள் மாட்டியிருக்கிறார்கள், ஆகவே இருளில் நடக்காதீர்கள், விடியும்வரை தங்கிப் பின் செல்லுங்கள் என்கிறார். பரண்களிலிருந்து யானைகளை நோக்கி எறியப்படும் கவண்கற்கள் கூற்றுவனைப்போல் விசை குறையாமல் வரும், மரங்களின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்றும் எச்சரிக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது எனத்தக்க வேட்டைப் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்று நம் கையில் இருக்கிறது!

இந்தக் கற்பொறியின் பெயர் அடார். சொல் வழக்கொழிந்துவிட்டது. உரைகளில் 'விலங்குகளை அகப்படுத்தும் கற்பொறி' என்ற விளக்கம் காணப்படும். அது எப்படி வேலை செய்யும் என்பது எங்களுக்கு நெடுநாள் விளங்காமலேயே இருந்தது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைக் காணச் சென்றிருந்தபோது, சவ்வாது மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைப் பற்றிக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கீழே உட்கார்ந்து, உள்ளங்கையளவு தட்டைக்கல் ஒன்றையும் மூன்று குச்சிகளையும் பொறுக்கினார். ஒரு குச்சியை நிறுத்தினார். இன்னொன்றை அதன் தலையில் சாய்வாக வைத்து அதன்மேல் கல்லின் ஒரு விளிம்பைத் தாங்கவைத்தார். மூன்றாவதைப் படுக்கையாகச் செலுத்தி, அதில் வெட்டிய காடியில் மற்றிரண்டையும் கோத்தார். கல் அந்தரத்தில் நின்றது. படுக்கைக் குச்சியின் உள்நுனியில் இரை இருக்கும் என்று கூறி விரலால் தொட்டார். தொட்டதுதான் தாமதம், மூன்று குச்சிகளும் மூன்று திசையில் தெறிக்கக் கல் பட்டென்று விழுந்தது. தட்டைக்கல்லை ஆள் நீளத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அதுதான் அடார்.

"நான் வச்சதில்ல, எங்க தாத்தா வச்சாரு" என்பதை அவர் மூன்றுமுறை சொன்னார். சட்டம் அவருக்கும் தெரிந்தே இருந்தது. எழுந்திருக்கும்போது இதையும் சொன்னார்: "வச்சிட்டு வந்தா அன்னிக்கே ஊருக்குள்ள சொல்லிடணும். எந்தப் பக்கம், எத்தினி கல்லுன்னு. மாடு ஓட்டற பசங்க போவாங்க இல்ல?" மலைபடுகடாத்தைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. நன்னனின் மலையும் அவர் ஊரும் ஒரே வட்டாரம் என்பதை எண்ணியபடி சற்றுநேரம் பேசாமல் நின்றோம்.

வைத்தவன் எதிர்பார்த்த விலங்கே அடாரில் வந்து விழும் என்பதற்கு உறுதியில்லை. நற்றிணை 119ஆம் பாடலில் தினையுண்ணும் பன்றிக்கென்று வைத்த பொறியில் ஒளிமிக்க புலி வந்து அகப்படுகிறது. நற்றிணை 98இல் நேர்மாறு. இறுகக் கட்டிய பொறியுள்ள நுழைவழியில் பன்றி தலையை நீட்டும் நேரத்தில், பக்கத்தில் பல்லி ஒலிக்கிறது. நிமித்தம் தீதென்று உணர்ந்த பன்றி மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்கே போய்விடுகிறது. இதைப் பாடியவர் உக்கிரப்பெருவழுதி என்னும் பாண்டியர். பொறி வைத்த குறவனின் உழைப்பு வீணானதைக் குறித்து வேந்தர்க்கு வருத்தமில்லை, பன்றியின் சார்பிலேயே அவர் பாடலை நகர்த்துகிறார். அடார் அரசவைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனின் மார்பைத் தழுவிய குடபுலவியனார், அம்மார்பைப் புலிவேட்டுவன் மாட்டிய பெருங்கல் அடாரோடு ஒப்பிடுகிறார் (புறம் 19). ஓர் அரசனின் மார்புக்கு ஒரு பொறியை உவமையாக்க வேண்டுமானால், கேட்போர் அனைவரும் அப்பொறியைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் அல்லவா?

வேட்டுவக் குழந்தைகளின் ஆயத்தத்தையும் சொல்லாமல் விடலாகாது. புறநானூறு 324இல் சிறுவர்கள் தமக்குத் தாமே கருவி செய்கிறார்கள். உடைமரத்தின் வெள்ளிய முள் அம்பின் முனை. ஊகம்புல்லின் மெல்லிய தண்டு அம்பின் கோல். வளாரை வளைத்து வில். பருத்தி வேலியருகே எலிக்காகக் குறிபார்த்திருக்கிறார்கள். அம்பு முனையைக் கோலில் எப்படிச் செறிப்பது என்பதைக்கூடப் பாடல் விட்டுவைக்கவில்லை. ஓரியின் வில்லைப் பற்றி இவ்வளவு செய்தி நமக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைவிற்கொள்க.

நாய்கள் இல்லாமல் வேட்டையில்லை. புறம் 33இல் நாயோடு திரியும் வேட்டுவன் மான் தசையைக் கூடையில் கொணர்ந்து உழவர் வீட்டுப் பெண்களிடம் கொடுத்து நெல்லாகப் பெற்றுச் செல்கிறான். வேட்டை அவனுக்கு உணவு மட்டுமன்று, பண்டமாற்றும்கூட. நாய்க்குக் கிடைத்த பெரும்புகழ் மட்டும் வேட்டையால் வந்ததன்று. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று, இறந்த வீரனோடு அவனது நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு அதற்குத் தனியே சொல் ஒதுக்குகிறது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாய்க்கும் பெயரெழுதிய ஊரை வணங்கத் தோன்றுகிறது.

(தென்பாண்டிச் சீமையின் வளரியை இங்கே எதிர்பார்த்த நண்பர்கள் பொறுத்தருள்க. அது தனிக் கட்டுரைக்குரியது.)

வேட்டைக்கான ஆயத்தத்தை முதல்நாள் முதலாக முறையாகச் சொல்லும் நூல் எது என்று கேட்டால், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தையே காட்டவேண்டும். கண்ணப்பர் புராணத்தைப் பக்திக்காகப் படித்தவர் பலர். வேட்டைக்காகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் தலைவர் நாகன் மூப்படைந்துவிட்டார். மாதமுறைப்படி நடக்கவேண்டிய வேட்டை தாழ்ந்துபோக, பன்றியும் புலியும் மானும் பெருகிப் புனங்களை அழிக்கின்றன. வேடர்கள் திரண்டு வந்து முறையிடுகிறார்கள். நாகன் மகன் திண்ணனாரைத் தலைமையேற்கச் செய்கிறார். தேவராட்டி அழைக்கப்படுகிறாள். காட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டு அவள் வாழ்த்திய பிறகே புறப்பாடு. திண்ணனாரைக் கோலம் செய்யும் பகுதியில் மயிற்பீலியும் புலிப்பல்லும் பலகறையும் சுரிகையும் காற்செருப்பும் வருகின்றன. (அச்செருப்புக்குக் காளத்தியில் வேறொரு வேலை காத்திருந்ததை நாம் அறிவோம்.) காட்டில் வலைகள் வளைத்துக் கட்டப்படுகின்றன, நாய்கள் விடப்படுகின்றன. அத்தனை வலைகளையும் அறுத்துக்கொண்டு ஒரு பன்றி ஓடுகிறது. அதைத் துரத்திச் சென்ற வழிதான் திண்ணனாரைக் காளத்தி மலையில் கொண்டு சேர்க்கிறது. வலை தாங்கியிருந்தால் புராணமே இல்லை.

அவ்வேட்டையின் நடுவில் சேக்கிழார் ஒரு செய்தியை வைக்கிறார். வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. விலங்குக் குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. கொலைத் தொழிலின் கொடுமையை ஒளிக்காத அதே பாடலில் இவ்விலக்குகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. அமைச்சராக இருந்து அரசு நிர்வாகம் அறிந்த சேக்கிழார் இதைத் தம் கற்பனையாகச் சேர்த்தாரா, வேடர் வழக்கத்திலிருந்து எடுத்தாரா? எங்களுக்குள் இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. முறையிட வந்த வேடர் வாயில் மாதமுறை வேட்டை என்ற செய்தியை வைத்தவர், வழக்கத்தை அறிந்துதான் எழுதியிருப்பார் என்பது எங்களில் பெரும்பாலோர் எண்ணம்.

வேட்டைக்கு இன்ன மாதங்கள் உண்டு, இன்ன மாதங்கள் இல்லை என்பதை அரசு சட்டமாக எழுதியது பிற்காலத்தில். சென்னை மாகாணத்தில் 1879இல் நீலகிரிக்கென வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உதகையில் குடியேறிய ஆங்கிலேயரின் துப்பாக்கிகள் சில பத்தாண்டுகளில் காட்டை எந்நிலைக்குக் கொண்டுவந்திருந்தன என்பதற்கு அச்சட்டத்தின் தேவையே சான்று. அடாரோ வலையோ அந்நிலையை உண்டாக்கியிருக்க வழியில்லை. பின்னர் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது துப்பாக்கிக்காரருக்கும் வலைக்காரருக்கும் ஒன்றாகவே கதவை மூடியது. மூடவேண்டிய கதவுதான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. முன்னவர்க்குப் போனது பொழுதுபோக்கு, பின்னவர்க்குப் போனது பிழைப்பு என்பதையும் எழுதி வைக்கவேண்டும்.

ஒரே ஒரு கதவு சற்றுத் திறந்தது. பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டுத் தவித்த செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள், 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து நஞ்சை எடுத்து, உயிரோடு காட்டில் விட்டுவிடுவது அவர்கள் தொழிலாயிற்று. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இருளரின் முதன்மைக் கருவி கடப்பாரைதான். பெரும்பாணாற்றுப்படை எயிற்றியின் கையில் நாம் கண்ட அதே இரும்புவாய்க் கோல்!

தலைப்பில் சொன்ன 'பார்வை'யை இன்னும் விளக்கவில்லை. பழகிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை ஈர்ப்பது அக்கால வேட்டை முறை. அப்படிக் கட்டப்பட்ட மானுக்குப் பார்வை என்று பெயர். கொட்டிலிலுள்ள கருவிகளிலேயே உயிருள்ள, இரை உண்ணுகிற கருவி இது. பெரும்பாணாற்றுப்படையில் பார்வை மான் கட்டிய விளாமரத்தின் அடி தேய்ந்திருக்கிறது. எத்தனை பருவம் அங்கே கயிறு உராய்ந்திருந்தால் மரம் தேயும்!

புறநானூறு 320 இப்பார்வை மானைச் சுற்றியே நிகழ்கிறது. முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து இயற்கையிலேயே பந்தலான முற்றம். யானை வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். கட்டியிருந்த பார்வைப் பிணையிடம் எங்கிருந்தோ தனிக்கலை ஒன்று வந்து சேர்கிறது. வேட்டுவன் எத்தனை நாள் காத்திருந்தானோ, அந்தக் கணம் இதோ வந்துவிட்டது. கலையும் பிணையும் கூடி விளையாடுவதை மனைவி பார்க்கிறாள். தான் அசைந்தால் கணவன் விழித்துக்கொள்வான், கலையும் பிணையைவிட்டு ஓடிவிடும். இரண்டுக்கும் அஞ்சி, இருந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. மான்தோலில் காயவைத்த தினை அன்றைய உணவு. வீட்டில் நடமாட்டம் இல்லாததைக் கண்டு காட்டுக்கோழியும் இதலும் இறங்கி, ஆரவாரத்தோடு அதைத் தின்கின்றன. அவள் அவற்றையும் ஓட்டவில்லை.

வேட்டுவன் எப்போது விழித்தான், கலை என்னவாயிற்று என்பதைப் பாடல் சொல்லவில்லை.